கொட்டக் கூடாத கேன்

தெருவில் அவளுக்குப் பெயர் அரை நர்ஸ். வைத்தது யாரென்று கேட்டால் ஆளுக்கு ஆள் பக்கத்து வீட்டைக் கைகாட்டுவார்கள். உண்மையில் வைத்தது அவளுடைய அம்மாவேதான். மகள் ஆஸ்பத்திரிக்குத் தன்னார்வ உதவிக்குப் போன முதல் நாளே, மாடிப்படியில் அகப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, "என் பொண்ணு பாதி நர்ஸ் ஆயிட்டா" என்று சொன்னால் தெரு சும்மா இருக்குமா?

மீதிப் பாதிக்கு ஒரு கடிதம் வேண்டும். 'இவர் பொறுப்பானவர்' என்று வார்டுத் தலைமை சிஸ்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் நர்ஸிங் கல்லூரியில் விண்ணப்பத்தை வாங்குவார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். சிஸ்டரோ லேசில் மசிகிற ஆளில்லை. "நாங்க படிக்கறப்ப ஆறு மாசம் பெட்பேன் கழுவின பிறகுதான் தெர்மாமீட்டரையே கையில குடுத்தாங்க" என்பார்.

அதனால் அவள் சொன்ன வேலையையும் செய்தாள், சொல்லாத வேலையையும் செய்தாள். வினை அங்கேதான். புதன்கிழமை காலை வார்டுக் குளியலறை மூலையில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் கேன் ஒன்று இருந்தது. திறந்தால் முக்கால்வாசி சிறுநீர். மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டினாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஜன்னலோரம் கவிழ்த்து வைக்கும்போதுதான் அதுவரை சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த, கேனில் ஒட்டிய சீட்டைப் படித்தாள்: 'எட்டாம் படுக்கை. இருபத்துநாலு மணி நேரச் சேகரிப்பு. கொட்டக் கூடாது.'

எட்டாம் படுக்கை தையல்காரருடையது. முந்தின நாள் பத்து மணியிலிருந்து ஒரு சொட்டு வீணாக்காமல் சேர்த்திருந்தார். அது பத்து மணிக்குப் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பார்.

"கேனைக் கழுவினது யாரு?" என்றார் சிஸ்டர், வார்டின் நட்டநடுவில் நின்று. அந்த நேரம் பார்த்து வார்டு ஆயா துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். எட்டுப் படுக்கையும் அவளைப் பார்த்தன.

"நான் தொடலீங்க சிஸ்டர். பதினாறு வருஷமா இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப கேன் தானா குளிச்சிட்டு வந்துச்சா?"

ஆயா திரும்பினாள். "பாப்பா, நீ அங்கதானே இருந்தே. சொல்லேன்."

"நான் கவனிக்கலைக்கா" என்றாள் அரை நர்ஸ்.

ஆயாவை அன்றே வார்டை விட்டு எடுத்துப் படிக்கட்டுத் துடைக்க அனுப்பினார்கள். தையல்காரர் புதுக் கேனை வாங்கி வைத்துக்கொண்டார். "நாப்பது யூனிபார்ம் வெட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன். இதுல இன்னொரு நாள் அளவெடுக்கணுமாக்கும்."

சாயங்காலம் வீட்டில் எதிர்வீட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். "ஊசியெல்லாம் போடுவியாடி?"

"கேன் கழுவுவேன்."

"பாத்தீங்களா அடக்கத்தை" என்று அம்மா பூரித்துப் போனாள். மகள் சோற்றைத் தள்ளி வைத்தாள். தலைவலி என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வியாழன் காலை சிஸ்டர் கடிதத்தை நீட்டினார். பொறுப்பானவர், நேர்மையானவர் என்று இரண்டும் இருந்தன. அவள் கை நீளவில்லை.

"கேனைக் கொட்டினது நான்தான் சிஸ்டர்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கொட்டினது தெரியாம. வாயை மூடிட்டு நின்னது?"

"தெரிஞ்சுதான்."

"நாளைக்கு ஒருத்தருக்கு மருந்தை மாத்திக் குடுத்துட்டு இப்படி நின்னா, அவர் உன் தைரியம் வர்றவரைக்கும் உயிரோட காத்திருப்பாரா?" கடிதம் இழுப்பறைக்குள் போயிற்று. "இந்த வருஷம் என் கையெழுத்து கிடையாது. வேலைக்கு வர்றதுன்னா வா. முதல்ல அந்தம்மாவைக் கூட்டிட்டு வா."

ஆயா இரண்டாம் மாடிப் படியில் இருந்தாள். இவள் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"சிஸ்டர்கிட்ட எங்க வச்சு சொன்னே?"

"அவங்க ரூம்ல."

"கதவைச் சாத்திட்டா?"

"ஆமாக்கா."

"என்னை எட்டுப் பேர் முன்னாடியில்ல கேட்டாங்க."

"வாங்கக்கா" என்றாள். இருவரும் மாடி ஏறினார்கள். வார்டு வாசலில் ஆயா நின்றுவிட்டாள்; இவள் மட்டும் நடுவே போய் நின்றாள். பார்வையாளர் நேரம்; தெரு ஆள் யாராவது இல்லாமலா இருப்பார்கள்?

"நேத்து கேனைக் கொட்டினது நான். அக்கா இல்லை" என்றாள், தரையைப் பார்த்து.

தையல்காரர் தலையணையைச் சாய்த்துக்கொண்டார். "சத்தமா சொல்லும்மா. மூணாம் படுக்கைக்காரருக்குக் காது கேக்காது."

அவள் மூன்றாம் படுக்கையின் பக்கம் திரும்பி, இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னாள்.