முகம் தெரியாதவர்களுக்கு எழுதியவள்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் துணிக் கம்பனி ஒன்றுக்கு விளம்பர வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்த சுபாஜினிக்கு 2009 தை மாதத்தோடு வேலை போயிற்று. ஊரெல்லாம் வியாபாரம் படுத்துக் கிடந்த காலம் அது. பதினைந்து வயதில் திருகோணமலையிலிருந்து வந்து படித்த டெனிஷ் மொழியில், நாலே வரியில் ஒரு கட்டில் விரிப்பின் மேல் ஆசை வரவைக்கத் தெரிந்தவள் அவள். இருந்தும் அவள் போட்ட விண்ணப்பங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளோடு சேர்ந்து வேலையிழந்த கியர்ஸ்டன்தான் லிங்க்ட்இன் இணையத்தளத்தில் சேரச் சொன்னாள். ஒரே முதலாளியைத் தேடி அலையாமல், பல கம்பனிகளுக்கு வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்கலாம் என்றாள். எங்கே பிறந்தவள் என்பதையும் மறக்காமல் போடச் சொன்னாள்; அப்படியொரு விபரம் இருந்தால் ஆட்கள் நின்று வாசிப்பார்களாம்.

"முகம் தெரியாத ஆக்களுக்கு எழுதினா வேலை தருவாங்களோ? உமக்கு விசர்," என்றான் கணவன் ஜெயரூபன். காற்றாலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தந்தாப் பாப்பம்," என்றாள்.

முதல் வாரங்களில் எல்லோருக்கும் ஒரே கடிதத்தையே அனுப்பினாள். ஒரு மறுமொழியும் இல்லை. பிறகுதான் பிடிபட்டது. ஆளின் பக்கத்தைப் படித்து, அவர் செய்கிற வேலையை விளங்கிக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வரி, தன்னைப் பற்றி ஒரு வரி, கடைசியில் சிறிதாக ஒரு கேள்வி. அவ்வளவுதான் எழுத வேண்டும். அப்படி எழுதியதும் பக்கத்து ஊரான இகாஸ்ட்டில் கதிரை மேசை செய்யும் ஒருவர் மறுமொழி போட்டு வேலையும் தந்தார். அவர் வழியாக யன்னல் செய்யும் கம்பனி ஒன்று வந்தது.

அதே மாதங்களில் அவளுடைய அண்ணன் பரமானந்தம் வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தான். புதுக்குடியிருப்பில் கணக்கு வாத்தியார். மாசியில் யாருடையதோ செய்மதித் தொலைபேசியில் ஒருமுறை கதைத்தான். "நாங்கள் சுகம், நீ ஒண்டுக்கும் யோசியாதை," என்றான். பின்னால் பிள்ளையொன்று அழுதுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மற்றத் தமிழ்ச் சனங்களோடு பஸ் ஏறி கோபன்ஹேகன் போய், போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்தின் முன் மழையில் நின்றுவிட்டு வந்தாள். வந்த கையோடு கம்ப்யூட்டரைத் திறந்து யன்னல் சட்டங்களைப் பற்றி எழுதினாள். எழுத முடிந்ததே என்று அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

வைகாசியில் சண்டை முடிந்தது. தமிழ் வீடுகளில் தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயந்தார்கள்.

அந்தக் கிழமைதான் ஓகூஸ் நகரிலிருந்து ஹென்ரிக் என்ற பயண முகவர் அவளை அழைத்தார். அவளுடைய லிங்க்ட்இன் பக்கத்தில் திருகோணமலை என்று கண்டிருந்தார்.

"யுத்தம் முடிந்துவிட்டதாமே. உனக்கு நிம்மதியாக இருக்கும்," என்றார் உண்மையான சந்தோசத்தோடு. இலங்கையின் கிழக்குக் கரைக்கு அடுத்த வருடம் ஆட்களைக் கூட்டிப்போகத் திட்டமாம். அந்தக் கடற்கரையைப் பற்றித் தன் பயண விளம்பரப் புத்தகத்துக்கு அவளே எழுத வேண்டும். நன்றாக வந்தால் தன் நண்பர்களிடமும் அவளைப் பற்றிச் சொல்லுவாராம்.

"அண்ணன்ரை சேதியே தெரியாது. உதைச் செய்யப் போறீரே?" என்று கேட்டான் ஜெயரூபன்.

"மாட்டன் எண்டால் வேறை ஆரும் எழுதுவினம்," என்றாள். தான் சொன்ன நியாயம் அவளுக்கே ஒட்டவில்லை. ஆனாலும் எழுதினாள். திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் காலையில் கடல் அசையாமல் கிடப்பதையும், இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம் என்பதையும் எழுதினாள். சொற்கள் தடையில்லாமல் வந்தன. அந்தத் தண்ணீரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் பரமானந்தம்தான். வாசித்த ஹென்ரிக் மிகவும் மெச்சினார்.

அனுப்பிய அன்றே அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வேலை தருபவர்களைத் தேடிய அதே இடத்தில் 'வவுனியா' என்று எழுதித் தேடினாள். வன்னியிலிருந்து வந்த சனங்களை அங்கே அடைத்து வைத்திருந்த முகாம்களில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர் சிலருடைய பக்கங்கள் வந்தன. ஒவ்வொருவருக்கும் மூன்று வரி எழுதினாள். அவர்களுடைய வேலையைப் பற்றி, தன்னைப் பற்றி, அண்ணனின் பெயர். பலர் மறுமொழி போடவில்லை. முகாம்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் டெனிஷ் பொறியியலாளர் ஒருவர், விசாரித்துப் பார்க்கிறேன் என்று மட்டும் எழுதினார்.

ஆனி மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பெயர் விபரம் வெளியே கொடுக்கத் தனக்கு அனுமதி இல்லை, வாசித்ததும் அழித்துவிடு என்று தொடங்கியிருந்தது. செட்டிகுளம் முகாமில் அண்ணி மனோரஞ்சிதமும் மகளும் இருக்கிறார்கள். பரமானந்தம் சித்திரையில் செல் குண்டு பட்டு இறந்துவிட்டார். கடற்கரை மணலிலேயே குழி வெட்டித் தாட்டார்களாம்.

ஜெயரூபன் எழும்பி வந்தபோது அவள் சமையலறைத் தரையில் இருந்தாள்.

"என்னப்பா?"

"அண்ணை இல்லையாம்."

அவன் பக்கத்தில் இருந்தான். அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் ஹென்ரிக்கை அழைத்து நடந்ததைச் சொன்னாள். தான் எழுதியதை எடுத்துவிடும்படி கேட்டாள்.  அவர் மன்னிப்புக் கேட்டார். புத்தகம் அச்சாகிவிட்டது, கடைகளுக்கும் போய்விட்டது, இனி எதுவும் செய்ய முடியாது என்றார். நல்ல மனிதர்தான். அவளுக்கு அவரோடு கோபிக்கக்கூட முடியவில்லை. நண்பர்களிடம் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

சேதி எப்படிக் கிடைத்தது என்பது ஹேர்னிங் தமிழரிடையே பரவியது. முதலில் வந்தவர் அடுத்த தெருவிலுள்ள யோகம்மா. முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்பவர். வேலை உடுப்போடேயே வந்திருந்தார்.

"பிள்ளை, என்ரை தம்பி சபாரத்தினமும் வன்னியிலை காணாமப் போனவன். மாத்தளனிலை கண்டதெண்டு ஒருத்தர் சொன்னவர். நீ எழுதினா மறுமொழி வருமாம்."

"எல்லாத்துக்கும் வராது அம்மா."

"வராட்டிலும் எழுது."

யன்னல் கம்பனிக்குக் கொடுக்க வேண்டிய வேலை அப்படியே கிடக்க, சுபாஜினி எழுதினாள். பிறகு இன்னொருவர் வந்தார். அவருக்குப் பின்னால் வேறொருவர். இரண்டொரு வீட்டுக்குச் சேதி கிடைத்தது, அதுவும் கேட்க விரும்பாத சேதி. மற்றவர்களுக்கு ஒன்றுமே வரவில்லை. கதிரைக்காரரும் கடைசியில் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்.

யோகம்மா கிழமைக்கொருமுறை வேலைக்குப் போகும் வழியில் வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார்.

"வந்ததோ பிள்ளை?"

"இன்னும் இல்லை, அம்மா."

"சரி. நான் வாறன்," என்று சைக்கிளை எடுப்பார். அவர் தெரு முனையில் திரும்பும்வரை சுபாஜினி கதவைச் சாத்தமாட்டாள்.