எதிர்க்கடை வரிசை

சனிக்கிழமை காலைகளில் கடையைத் திறந்ததும் தெருவின் எதிர்ப்பக்கம் பார்க்கக் கூடாது என்று லவெல் நினைத்துக்கொள்வான். விளக்குகளைப் போட்டு, தரையைத் துடைத்து, துணி மாட்டிகளை நேராக்கி முடிப்பதற்குள் பலமுறை பார்த்திருப்பான்.

எதிரே நெஸ்டரின் கடை. கதவு திறக்க நிறைய நேரம் இருக்கும்போதே அங்கே வரிசை சேர்ந்துவிடும். மூலையில் நிற்கும் டாக்கோ சாப்பாட்டு வண்டி வரை நீளும். அந்த வண்டிக்காரர் ஒரு காலத்தில் இந்தப் பக்கம்தான் நிறுத்துவார். லவெல் கடை வாசலில் வரிசை இருந்த காலம் அது. எந்தச் சனிக்கிழமை அவர் தெருவைக் கடந்து போனார் என்று லவெலுக்கு நினைவில்லை. ஆனால் அவரை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

மெல்ரோஸ் அவென்யூ என்ற அந்தக் கடைத்தெருவில் லவெலுக்கு அப்போது நல்ல பெயர் இருந்தது. நெஞ்சு முழுக்க ‘ஹெவி’ என்று தடித்த எழுத்து ஓடும் ஹூடி, கை நெடுக அதே எழுத்து, கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பேன்ட், அதற்குக் கீழே படகு மாதிரி ஒரு ஷூ. இந்தக் கோலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகவே லாங் பீச், ரிவர்சைடு போன்ற வெளியூர்களிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள். அந்த எழுத்துகளைத் துணியில் அச்சடித்தவன் நெஸ்டர். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒரே காரில் ஊர் சுற்றியவர்கள்.

ஒரு நாள் நெஸ்டர் கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “மச்சான், சனங்களுக்கு எழுத்து சலிச்சுப்போச்சுடா. நெஞ்சுல விளம்பரப் பலகைய மாட்டிக்கிட்டுத் திரியறோம்னு அவங்களுக்கே தோண ஆரம்பிச்சிருச்சு.”

“உனக்குச் சலிச்சுப்போச்சு. அதைச் சொல்லு,” என்றான் லவெல்.

அந்தக் கோடையிலேயே நெஸ்டர் கடையை விட்டு விலகினான், இருவருக்கும் பேச்சும் நின்றது. மறு வருடம் எதிரிலேயே கடை போட்டான். எழுத்தே இல்லாத சட்டைகள், இடுப்பில் மடிப்பு வைத்த அகலமான பேன்ட், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் போடுவது மாதிரி இடுப்போடு நிற்கும் பழுப்பு ஜாக்கெட். பார்த்துவிட்டு லவெல் சிரித்தான். “எங்க அப்பா கார் பட்டறையில போட்டுக்கிட்டிருந்தது இது. இதுக்கா காசு குடுப்பாங்க?”

கொடுத்தார்கள்.

சில வருடங்கள் கழித்து, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எதிர் வரிசையில் ஒருத்தன் லவெலின் ஹூடியைப் போட்டு நிற்பதைப் பார்த்தான். துணியைப் பார்த்தே தெரியும், தன் கடைத் துணி. ஆனால் எழுத்தைக் காணோம். கண்ணாடியோடு ஒட்டி நின்று உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவன் ஹூடியை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தான். தையல் விளிம்பெல்லாம் வெளியே தெரிந்தது. அது தெரிந்தாலும் பரவாயில்லை, எழுத்து தெரியக் கூடாது என்று நினைத்திருக்கிறான்.

லவெலுக்கு வயிறு எரிந்தது. அன்று முழுக்க வந்த நாலு பேரில் ஒருத்தி, “இதுலயே எழுத்து இல்லாம இருக்கா?” என்று கேட்டாள். “எதிர்ல போய்க் கேளுங்க,” என்றான். அவள் நிஜமாகவே போனாள்.

அவன் மனைவி இமானி பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு பழுப்பு ஜாக்கெட் போட்டிருந்தாள். தோளில் கச்சிதமாக உட்கார்ந்து, இடுப்பில் சரியாக நின்றது. இவ்வளவு அழகாக அவளைப் பார்த்து நாளாயிற்று என்பது முதலில் தோன்றியது. அந்த ஜாக்கெட் யாருடையது என்பது அடுத்த நொடி தோன்றியது.

“எங்க வாங்கின?”

“எங்கன்னு உனக்கே தெரியும்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்னுதான்.” அவள் கண்ணாடி முன்னால் நின்று கையை மடித்து நீட்டிப் பார்த்தாள். “கை கொஞ்சம் நீளமா இருந்துச்சு. நெஸ்டரே அளந்து, அங்கேயே மடிச்சுத் தெச்சுக் குடுத்தான்.”

“அவனேவா?”

“ஆமா. உன்னைப் பத்தி விசாரிச்சான். நல்லா இருக்கானான்னு.”

“நீ என்ன சொன்ன?”

“நல்லா இருக்கான், ஜன்னல்ல மூக்கை ஒட்டவெச்சுக்கிட்டு உன் வரிசையப் பாத்துக்கிட்டே இருக்கான்னேன்.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்கு அது முள்ளாகத் தைத்தது. தன் மனைவியின் மணிக்கட்டருகே நெஸ்டர் குனிந்து நின்று அளவு நாடா பிடிப்பது திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. நெஸ்டரின் மேல் அந்த மாதிரிச் சந்தேகம் துளியும் கிடையாது. கடையும் போய், தெருவும் போய், இப்போது வீட்டுக்குள்ளும் அவன் தையல் வந்துவிட்டதே என்பதுதான் உறுத்தியது.

ஒவ்வொரு ஜனவரியும் லவெல் ஒரு வீடியோ போடுவான். எது முடிந்தது, அதற்குப் பதில் என்ன போடலாம் என்று சொல்வான். கடை படுத்தாலும் அந்த வீடியோவுக்கு மரியாதை குறையவில்லை. அவன் கண் அப்படி. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கடையிலேயே உட்கார்ந்து பதிவு செய்தான். கணுக்கால் இறுக்குப் பேன்ட் முடிந்தது என்றான். கண் கூசும் பச்சையும் ஆரஞ்சும் முடிந்தது. படகு ஷூ முடிந்தது. தன் சரக்கைத் தானே கொன்றதால் எல்லோரும் நம்புவார்கள் என்று அவனுக்குத் தெரியும். பிறகு, அந்தப் பழுப்பு ஜாக்கெட்டையும் மடிப்பு வைத்த அகலப் பேன்ட்டையும் போலவே இருந்த இரண்டை எடுத்துக் காட்டினான்.

“இதுவும் போச்சு. கோடைக்குள்ள போயிரும். இப்ப வரிசையில நிக்கறீங்களே, நீங்க லேட்டு.”

அவற்றுக்குப் பதிலாக என்ன போடலாம் என்று மட்டும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமல் இல்லை. சில மாதங்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் நெஸ்டர் கேட்டுக்கொள்வான். “அதை அப்புறம் சொல்றேன்,” என்று முடித்து, வீடியோவை ஏற்றிவிட்டுக் காரில் ஏறினான். வீடு வரைக்கும் விசிலடித்துக்கொண்டே போனான்.

இரண்டு மூன்று வாரத்தில் எதிர் வரிசை சுருங்கியது. டாக்கோ வண்டிக்காரர் தெருமுனையில் எந்தப் பக்கம் நிறுத்துவது என்று தெரியாமல் நின்றார். லவெல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். மனசு குளிரும் என்று எதிர்பார்த்தான். குளிரவில்லை. அங்கிருந்து போனவர்களில் ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை.

ஜூனில் ஜகராண்டா மரங்கள் பூத்து நடைபாதையெல்லாம் ஊதாவாகக் கிடந்தபோது நெஸ்டர் தெருவைக் கடந்து வந்தான். கையில் இரண்டு கோப்பை தர்பூசணிச் சாறு. கடையை விட்டுப் போன பிறகு அவன் இந்த வாசலை மிதிப்பது இதுதான் முதல்முறை.

“மச்சான், உனக்கு நன்றி சொல்லணும்டா,” என்றான்.

லவெலுக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஜனவரியில உன் வீடியோவப் பாத்தேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அன்னைக்கே அகலப் பேன்ட்டை நிறுத்திட்டேன். பெரிய ஆர்டர் ஒண்ணு குடுக்க இருந்தேன், குடுக்கல. இப்ப பாரு, ஃபேர்ஃபாக்ஸ் தெரு முழுக்க எல்லாக் கடையிலயும் அதுதான் அடுக்கடுக்கா கெடக்கு. தள்ளுபடின்னு போட்டும் வாங்க ஆளில்ல. நான் மட்டும் தப்பிச்சேன்.” அவன் சிரித்தான். “இத்தனை வருஷம் பேசாம இருந்தாலும், எனக்காகத்தான் அதைச் சொன்னேன்னு புரிஞ்சுது.”

லவெல் கோப்பையை வாங்கிக்கொண்டு, “பரவாயில்லடா,” என்றான். கீழே தள்ள நினைத்த ஆளைத் தன் கையாலேயே தூக்கி விட்டிருக்கிறான்.

வீட்டுக்குப் போய் இமானியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அவன் நன்றி சொன்னப்ப நீ என்ன சொன்ன?”

“பரவாயில்லன்னேன்.”

“ரொம்ப நல்லா இருக்கு.” அவள் மடித்த துணியை மேசையில் வைத்தாள். “அவனைப் பாத்து எரிஞ்சுக்கோ, அது உன் பாடு. செய்யாத நல்லதுக்கு நன்றிய வாங்கி வெச்சுக்காத.”

மறுநாள் காலை லவெல் தெருவைக் கடந்தான். நெஸ்டர் வெட்டு மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்தான். கடைக்குள் புதுத் துணி வாசம். எல்லாம் அளவாக, அமைதியாக, அழகாக இருந்தது. அதைப் பார்த்ததும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடலாமா என்று லவெலுக்குத் தோன்றியது.

“நெஸ்டர், அந்த வீடியோவ நான் உனக்காகப் போடலடா. உன் வரிசையப் பாத்து வயித்தெரிச்சல்ல போட்டேன். நீ கவுந்து போகணும்னு போட்டேன்.”

நெஸ்டரின் கை துணி மேல் அப்படியே நின்றது.

“ஆனா சொன்னது சரியாத்தானே இருந்துச்சு.”

“சரியா இருக்கணும்னு நான் நெனைக்கல. வலிக்கணும்னுதான் நெனச்சேன்.”

நெஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தான். கோபப்பட்டிருந்தால் லவெலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “எங்க அம்மாகிட்டகூடச் சொன்னேன், லவெல் மறுபடியும் பேசிட்டான்னு,” என்றான். வாசலில் யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நெஸ்டர் தலை நிமிர்ந்தான். “அதுல ஒண்ண அப்புறம் சொல்றேன்னு விட்டுட்டே. பதிலா என்ன போடறது? அதையாவது இப்ப உண்மையாச் சொல்லு.”

சொல்லாமல் போகலாம். தனக்கென்று வைத்திருந்த ஒரே பொருள் அது. லவெல் மேசைக்கு வந்து துணிச் சுருள்களைப் புரட்டினான்.

“நேர் வெட்டு. இறுக்கமும் வேணாம், அகலமும் வேணாம். ஷூவைத் தொட்டுத் தொடாம நிக்கணும். பழுப்ப விட்டுடு, ரொம்பத் தடவ துவைச்ச மாதிரி ஒரு நீலம் வேணும். இதோ, இது. காலர் வெச்ச சட்டை, கனமான பருத்தி, பேன்ட்டுக்கு வெளிய தொங்கவிட்டாலும் அசிங்கமா இருக்கக் கூடாது. காலுக்கு மெல்லிசான தட்டை ஷூ. எழுத்து எங்கயும் வேணாம்.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியது.

நெஸ்டர் அந்த நீலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக்கூட லவெலால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் பக்கத்திலேயே நின்று, சட்டையின் கை எங்கே முடிய வேண்டும் என்று தன் மணிக்கட்டைக் காட்டினான்.

“நீயும் உன் கடையில இதைப் போடு,” என்றான் நெஸ்டர். “நான் தெச்சுத் தர்றேன். ஆனா ஒண்ணு, நேத்து குடுத்த நன்றிய நான் திருப்பி எடுத்துக்கறேன்.”

“எடுத்துக்கோ,” என்றான் லவெல்.

அக்டோபரில் இரண்டு கடையிலும் அந்த நீலம் தொங்கியது. தடித்த எழுத்து ஹூடிகளை லவெல் பெட்டிகளில் கட்டிப் பின்னறையில் வைத்தான். முதல் சனிக்கிழமை அவன் வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். இமானி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, உள்ளே போவோருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உன் வரிசையப் பாரு,” என்றாள் அவனிடம்.

அவன் எட்டிப் பார்த்தான். பிறகு தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். நெஸ்டரின் வரிசை இதைவிட நீளமாக இருந்தது. நெஞ்சுக்குள் அதே பழைய எரிச்சல் எழுந்தது. அவன் அதை விழுங்கிக்கொண்டு, முதலில் நின்றவளிடம் அவள் அளவு என்ன என்று கேட்டான்.