வேலியோரத்து வானம்பாடி

பருத்தி எடுத்து முடிந்ததும் அச்சங்குளத்தில் எல்லோரும் காய்ந்த செடியை, பருத்திமாரைப் பிடுங்கி அடுப்புக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒச்சப்பன் மட்டும் வேலியோரத்தில் ஒரு துண்டு நிலத்து மாரைப் பிடுங்காமல் விட்டிருந்தான். ஏன் என்று கேட்டவர்களிடம், "அங்கன ஒரு குருவி குடியிருக்கு" என்றான். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் கிறுக்குத்தனமாக ஏதாவது சொல்லிவிடுவானோ என்று பயம்.

பட்டாளத்தில் போட்டோ பிரிவில் இருந்துவிட்டு வந்தவன். ஏர் பிடித்த கை, மண்வெட்டி பிடித்த கை, அதே கையில் இப்போது காமிரா. வெள்ளாமை பார்க்கிற சம்சாரிக்கு எதற்கு இந்த வேலை என்று பங்காளிகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள்.

குடியிருந்தது வானம்பாடி. மண்ணு நிறம். தரையில் உட்கார்ந்தால் குருவி எது, மண்கட்டி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. காய்ந்த மார் நுனியில் ஏறி வாயைத் திறந்தால்தான் அது யார் என்று தெரியும். கிட்டப் போனால் பறந்துவிடும். அதற்காகத்தான் அந்த நீள லென்ஸ். காமிராவில் மாட்டினால் கிணற்றுப் பம்புக் குழாயைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். அதுவும் போதாமல், லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவில் செருக ஒரு கன்வெர்ட்டர். பட்டாளத்துச் சிநேகிதன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. பார்க்க வெறும் கண்ணாடி வளையம். குருவியை இரண்டு மடங்கு பக்கத்தில் இழுத்துக்கொண்டு வரும். அதற்குக் கூலியாக வெளிச்சத்தில் முக்கால்வாசியைத் தின்றுவிடும். வெளிச்சம் குறைந்தால் காமிராவின் ஷட்டர்க் கதவு மெள்ளத்தான் மூடும். அதற்குள் கை ஒரு நூல் அசைந்தாலும் படம் கலங்கிப்போகும். போன கோடையில் எடுத்த பிலிம் சுருள் முழுக்க அப்படித்தான் பாழாய்ப் போனது.

அன்றைக்குக் காற்றில்லை. குருவி மார் நுனியில் ஏறி, தொண்டை புடைக்க, அலகைப் பிளந்து பாடியது. ஒச்சப்பன் மூச்சை நிறுத்தி அமுக்கினான். பிலிமை நகர்த்தி மறுபடி அமுக்கினான். மூன்றாவது தடவை அமுக்கப் போகும்போது குருவி பறந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆள் வந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கம் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனி. வந்தவன் மேனேஜர் காளிராஜ்.

"ஓய், குழாயை எங்கன பாத்துத் திருப்பி வச்சிருக்கீரு?"

"குருவி இருந்த பக்கம்."

"குருவிக்குப் பின்னாடி எங்க மருந்து ரூம் இருக்கே, அது கண்ணுல படலையோ? யாரு அனுப்புனா? திருத்தங்கல்காரனா?"

அந்த வருஷம் அண்ணாச்சி கம்பெனிப் பச்சை மத்தாப்புக்கு ஏக கிராக்கி. அந்தப் பச்சை வேறு எவனுக்கும் வரவில்லை. கலவை என்ன என்று மோப்பம் பிடிக்கத் திருத்தங்கல் போட்டிக் கம்பெனிக்காரன் ஆள் விட்டிருக்கிறான் என்று ஒரு பேச்சு. போதாததற்கு, இந்த வேலியோரத்து நிலத்தை அண்ணாச்சி விலைக்குக் கேட்டு, ஒச்சப்பன் தரமாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

"இந்த லென்ஸுல பின்னாடி இருக்கிறது படத்துல விளாதுய்யா" என்றான் ஒச்சப்பன்.

"எனக்கா காது குத்துதீரு? காமிராவைத் திறந்து பிலிமை வெயில்ல காட்டும். அம்புட்டுத்தான், விட்டுருதேன்."

ஒச்சப்பன் காமிரா மாட்டியிருந்த மூன்றுகால் ஸ்டாண்டை மடக்கித் தோளில் வைத்தான். "நான் நிக்கது என் நிலம். இது என் காமிரா. திறக்க முடியாது."

மறுநாள் காலையில் கம்பெனி கேட்டில், வேலைக்கு வந்த அச்சங்குளத்துப் பெண்களை மட்டும் நிறுத்திவிட்டார்கள். மற்ற ஊர்க்காரிகள் உள்ளே போனார்கள். ஒச்சப்பன் பிலிமைத் திறந்து காட்டினால்தான் இவர்களுக்கு வேலை என்று உத்தரவு.

முத்துப்பேச்சி நேராக அவன் வீட்டுக்கு வந்தாள். பெரியப்பா மகள், அவனைவிட இளையவள், வாய் மட்டும் மூத்தது.

"அண்ணே, ஒரு குருவிக்காக எங்க கஞ்சில மண்ணள்ளிப் போட்டுட்டீகளே. நல்லாயிருக்கா?"

"நல்லாயில்லதான்."

"அப்பத் திறந்து காட்ட வேண்டியதுதான. இன்னொரு பிலிம் வாங்கிக்கிட்டா போச்சு."

"அந்தக் குருவி இன்னொருக்க அதே மாதிரி வாயைத் திறக்கும்னு எளுதிக் குடு. நான் காமிராவைத் திறக்கேன்."

"எனக்கு எளுதத் தெரிஞ்சா நான் ஏன் வெடி சுத்தப் போறேன்?"

சிரிப்பு வந்தது, ஆனால் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவள் விரலிடுக்கெல்லாம் மருந்து ஏறிக் கறுத்திருந்தது.

"திறந்துட்டா நான் களவாணின்னு ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆகும்" என்றான். "அப்புறம் களவாணிக்கு எதுக்கு நிலம்னு கேப்பாக. இன்னைக்கு என் காமிரா. நாளைக்கு உன்னைய மடியை அவுத்துக் காட்டும்பான்."

"தெனம் சொல்லுதான். தெனமும் காட்டிட்டுத்தான் கேட்டைத் தாண்டுதோம்."

முத்துப்பேச்சி வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "சரி, திறக்காதீக. நாங்கதான் காட்டிக் காட்டிக் கெட்டோம். வேற வளி சொல்லுங்க."

வழி ஒன்றுதான் இருந்தது. பிலிமை விருதுநகர் ஸ்டுடியோவில் கழுவிப் படம் போட்டு, கேட்டுக்கு முன்னால் எல்லோரும் பார்க்க வைப்பது. காளிராஜும் கூடவே வரட்டும். அவன் வந்தான். பஸ்ஸில் ஒச்சப்பன் மடியிலிருந்த பையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஸ்டுடியோவில் இருட்டறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். ஒச்சப்பனுக்கு மருந்து ரூமைப் பற்றிக் கவலையில்லை. கை அசைந்திருக்குமோ என்பதுதான்.

அசையவில்லை.

அடுத்த நாள் காலை கேட்டில் லோடுக்கு நின்ற லாரியின் முகப்பில் படங்களைப் பரப்பினான். பெண்கள் முண்டியடித்தார்கள். அண்ணாச்சி காரிலிருந்து இறங்கி வந்தார். தொண்டை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிலிர்த்து நிற்க, குருவி காகிதம் நிறையப் பாடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒன்றுமில்லை. பால் கலங்கின மாதிரி ஒரு வெளுப்பு.

"கம்பெனி எங்கடே?" என்றார் அண்ணாச்சி.

காளிராஜ் படத்தைச் சாய்த்துப் பார்த்தான். "பின்னாடி இருக்கணும் அண்ணாச்சி."

"பின்னாடி புகையில்லா இருக்கு."

"அந்தப் புகைதான் உங்க கம்பெனி, அண்ணாச்சி" என்றான் ஒச்சப்பன். "மருந்து ரூம், மதில், பேர்ப்பலகை எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. இந்த லென்ஸ் ஒண்ணைப் பாத்தா மத்ததைச் சட்டை பண்ணாது."

முத்துப்பேச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை, சிரித்துவிட்டார்கள்.

அண்ணாச்சிக்கு முகம் சுண்டியது. ஆனால் வியாபாரி. ஒரு படத்தை எடுத்துத் தூர வைத்துப் பார்த்தார். "குருவி ஜோராத்தான் இருக்கு. இதை எனக்குக் குடுத்துரும். லேபிள்ல போடுவோம், வானம்பாடி மார்க்குன்னு. நிலத்துப் பேச்சை நான் இனி எடுக்கல. இந்தப் பிள்ளைகளும் வேலைக்குப் போகட்டும்."

"படத்துல ஒண்ணுமில்லேன்னு ஆனப்பவே நாங்க உள்ள போகணும் அண்ணாச்சி" என்றாள் முத்துப்பேச்சி. "அதைக் கொண்டுபோய்க் குருவி கணக்குல சேக்காதீக."

சொல்லிவிட்டுக் கேட்டைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் நடந்தார்கள். லாரி லோடுக்கு நிற்கிறது. ஆள் குறைந்தால் எதை ஏற்றுவது? காளிராஜ் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி கையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டைத் திறந்தார்கள்.

"நீரு என்ன சொல்லுதீரு?" என்றார் அண்ணாச்சி, ஒச்சப்பனிடம்.

"குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"வெடிச்சுக் கிளியுத காயிதத்துல இதைப் போட எனக்கு இஷ்டமில்ல."

"நிலத்தைப் பத்தி யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சாச்சு. அதையும் குடுக்க மாட்டேன்."

ஒச்சப்பன் படங்களை ஒவ்வொன்றாக அடுக்கினான். கடைசிப் படம் அண்ணாச்சி கையில் இருந்தது. இந்த ஓரத்தைப் பிடித்தான். அந்த ஓரத்தை அவர் விடவில்லை. கேட்டுக்காரன், லாரி டிரைவர், காளிராஜ் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இழுத்தால் கிழியும் என்று இருவருக்கும் தெரியும். ஒச்சப்பன் இழுக்கவில்லை, விடவுமில்லை.

அண்ணாச்சி விரலை எடுத்தார். அவருடைய கட்டைவிரல் ரேகை படத்தின் மூலையில் பதிந்திருந்தது. ஒச்சப்பன் அதை வேட்டி முனையால் துடைத்துவிட்டுப் பையில் வைத்தான்.