வெயிலுக்கு மட்டும் சென்னை

நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பிளாஸ்டிக் பக்கெட் செய்கிறார்கள். மெஷின் பக்கெட்டைச் சுடச்சுடத் தள்ளும். அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் பிசிரைக் கத்தியால் சீவி எடுப்பது பெண்களின் வேலை. மேலே தகரம், எதிரே மெஷின், கையில் சூடான பக்கெட். மே மாதத்தில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம், கண்ணுகளா.

போன வருஷம் மே மாதம் ராஜகுமாரி அங்கேதான் விழுந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த லோகநாயகிதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. “இன்னொரு தடவை இப்படி வெயில் தாக்கினா சிறுநீரகம் தாங்காது” என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். வேலையை விடச் சொல்வது சுலபம். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், காலேஜில் பெண். ராஜகுமாரி திரும்பவும் வந்து கத்தியை எடுத்தாள்.

அவள் விழுந்ததைப் பற்றி விசாரிக்க வந்த அரசு அதிகாரி விடவில்லை. முதலாளி ஒரு அறிவிப்பு அடித்துச் சுவரில் ஒட்ட வேண்டியதாயிற்று: ‘நமது மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கை வரும் நாட்களில் பகல் 12 முதல் 3 வரை வேலை கிடையாது. சம்பளம் பிடிக்கப்படாது.’

இந்த வருஷம் அந்த நாள் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெண்களிலேயே இளையவளான ஜீவா போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

“யக்கா, வானிலைல சொல்லிட்டாங்க. நாலு நாளைக்கு வெப்ப அலையாம். திருவள்ளூர், ராணிப்பேட்டை, வேலூரு. நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு போவுமாம்.”

“சென்னைக்கு?” என்று கேட்டான் ஃபெலிக்ஸ். அவன் சூப்பர்வைசர். பூந்தமல்லிக்காரன். கெட்டவன் இல்லை, ஆனால் முதலாளியின் போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவான்.

“சென்னைக்கு ஒண்ணும் இல்லியாம். கடல் காத்து வருதாம். முப்பத்தெட்டு தானாம்.”

“அப்ப நமக்கு இல்ல. போய் வேலையைப் பாருங்க.”

“இன்னா அண்ணாத்தே, அதெப்படி நமக்கு இல்ல?” என்றாள் ஜீவா.

ஃபெலிக்ஸ் வாசல் போர்டைக் காட்டினான். கம்பெனிப் பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் ‘சென்னை - 600 123’ என்று இருந்தது. “படி. சென்னைன்னு எழுதிக்கீதா இல்லியா? நமது மாவட்டம் சென்னை. முதலாளி முன்னாடியே சொல்லிட்டாரு.”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கும் அது சரியென்றுதான் பட்டது. நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தானே சொல்கிறோம்? லோகநாயகியே ஆரணியில் இருக்கும் தன் நாத்தனாரிடம் “நான் சென்னையில வேலை செய்றேன்” என்றுதான் பதினைந்து வருஷமாகப் பெருமை பேசி வருகிறாள்.

ராஜகுமாரி முந்தானையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு மேஜைக்குப் போனாள். பத்தரை மணிக்கு அவள் இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்ததை லோகநாயகி பார்த்தாள்.

“இன்னாமே, சுத்துதா?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத.”

“சுத்துனா மட்டும் இன்னா பண்ணப் போறோம்? ஊட்டுக்குப் போனா நாளைக்கு வேற ஆள வெச்சுடுவாங்க.”

லோகநாயகி கத்தியைக் கீழே வைத்தாள். நேராக ஃபெலிக்ஸ் மேஜைக்குப் போனாள்.

“ஃபெலிக்ஸு, போன மாசம் என் விதவைப் பென்ஷன் நின்னுபோச்சுன்னு லீவு கேட்டேனே, எங்க போயி மனு குடுத்துட்டு வந்தேன்?”

“கலெக்டர் ஆபீசு.”

“எந்த ஊரு கலெக்டர் ஆபீசு?”

ஃபெலிக்ஸ் வாசல் போர்டைத் திரும்பிப் பார்த்தான்.

“சொல்லுப்பா. ரெண்டு பஸ்ஸு மாறி, கால் கடுக்க திருவள்ளூர் போயி நின்னேன். மனு குடுக்கணும்னா திருவள்ளூரு. ஓட்டுப் போடணும்னா திருவள்ளூரு. வெயிலுக்கு மட்டும் நாங்க சென்னையா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். “கடல் காத்து வழி தெரியாம போரூர்லயே நிக்குது போல. யாராச்சும் போயி கூட்டினு வாங்க” என்றாள் வசந்தா.

“யக்கா, போர்டுல...” என்று ஃபெலிக்ஸ் இழுத்தான்.

“அது தபால்காரனுக்குப் போட்ட நம்பரு. ஜீவா, இங்க வா. அண்ணன் தலைக்கு மேல மாட்டிக்கீதே, அத்தப் படி.”

ஃபெலிக்ஸின் நாற்காலிக்கு மேலே, ஊதுபத்திப் புகை படிந்த கண்ணாடிச் சட்டத்தில் தொழிற்சாலை லைசென்ஸ் தொங்கியது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குப் பொட்டு வைப்பது பெண்கள்தான். யாரும் ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை. ஜீவா ஸ்டூலில் ஏறி, குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பதைப் போலச் சத்தமாகப் படித்தாள்.

“நசரத்பேட்டை கிராமம், பூந்தமல்லி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.”

மெஷின் சத்தத்தையும் மீறி அது கடைசி மேஜைவரை கேட்டது. “கிராமமா?” என்று ஒருத்தி மட்டும் மனத்தாங்கலோடு கேட்டாள். ஸ்டூலிலிருந்து இறங்கும் முன் ஜீவா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

ஃபெலிக்ஸ் வெளியே போய் முதலாளிக்குப் போன் போட்டான். வெயிலில் நின்றபடியே பேசினான். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “ஆர்டர் நிக்குதாம். பன்னெண்டு மணிக்கு எழுந்து போறவங்க நாளைக்கு வர வேணாம்னு சொல்லச் சொன்னாரு.” அதைச் சொல்லும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்புறம் எல்லோரும் மேஜைக்குத் திரும்பிப் பிசிர் சீவினார்கள். பயந்தார்களா என்று கேட்காதீர்கள். பயந்தார்கள். எல்லோருக்கும் அடுப்பு எரிய வேண்டும். லோகநாயகி இரண்டு பக்கெட்டின் விளிம்பை வெட்டக் கூடாத இடத்தில் வெட்டிவிட்டாள்.

பன்னிரண்டானது. லோகநாயகி எழுந்து ராஜகுமாரியின் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள்.

“எழுந்திரு.”

“அக்கா, உன் வேலையும் போயிடும்.”

“போனா போவட்டும். உன்ன நான் இன்னொரு வாட்டித் தூக்கினு ஓட மாட்டேன். எனக்கு முட்டி வலி.”

இருவரும் வெளியே நடந்தார்கள். மதில் ஓரம் ஒரு பூவரச மரம் உண்டு. அதன் அடியில் போய் உட்கார்ந்தார்கள். முதலில் ஜீவா வந்தாள். பிறகு வசந்தா, ஒரு குடம் தண்ணீரோடு. அப்புறம் எண்ணிப் பார்க்கவே தேவையில்லாமல் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

உள்ளே மெஷின் நிற்கவில்லை. பக்கெட்டைத் தள்ளியது. எடுக்க ஆள் இல்லாமல் அடுத்ததையும் தள்ளியது. சிவப்பு, நீலம், சிவப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு ஃபெலிக்ஸின் கால்வரை வந்தன. இரண்டு கையிலும் அள்ளி அள்ளிப் பார்த்தான். கை சுட்டது. கடைசியில் போய் ஸ்விட்சை அணைத்தான்.

ஃபெலிக்ஸின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, மரத்தடிக்கு வந்து லோகநாயகியிடம் நீட்டினான். “உங்ககிட்ட பேசணுமாம்.”

முதலாளி கத்தி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“சார், மூணு மணிக்கு உள்ள போவோம். ஆறு மணி வரைக்கும் வேலை பாப்போம். நாளைக்கு எட்டு மணிக்கு எல்லாரும் வருவோம். நீங்க கேட்டை மூடினா, லைசென்ஸ போட்டோ எடுத்து வெச்சிக்கீறோம், அத்த எடுத்துனு திருவள்ளூருக்குப் போவோம். எனக்கு வழி நல்லாத் தெரியும்.”

அந்தப் பக்கமிருந்து “ஃபெலிக்ஸ்கிட்ட குடு” என்ற குரல் மட்டும் வந்தது. ஃபெலிக்ஸ் வாங்கிக் கேட்டான். இந்த முறை மரத்தில் சாய்ந்துகொண்டே பேசினான். “சரி சார். ஆமா சார், நாலு நாளும்தான் சார்.”

ராஜகுமாரி ஈர முந்தானையைப் பிழிந்து முகத்தைத் துடைத்தாள். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்தாள். இந்தக் கோடை தொடங்கியதிலிருந்து மதியச் சோற்றைத் தொடாமலே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டிருந்தவள், அன்றைக்குப் பழைய சோற்றையும் மாங்காயையும் கடைசிப் பருக்கைவரை தின்றாள். லோகநாயகி அவள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.