அறுத்து விடச் சொன்ன மீன்

கிர்ர்ரென்று நூல் சுற்றும் றீல் அலறியது, என் கையிலிருந்த தூண்டில் தடி படகின் விளிம்பில் இடித்து வளைந்தது, தேநீர்க் கோப்பை உருண்டு போனது, எதிரே இருந்த இவர் திடுக்கிட்டு எழும்பி, இஞ்சரும், அடியில கல்லில கொழுவிட்டுது, அறுத்து விடும், அறுத்து விடும் என்று கத்துகிறார், என் கணவருக்கு எதையும் அறுத்து விடுவதில்தான் அவசரம், கல் ஓடுமா, இந்த நூல் ஓடுகிறதே, ஆழத்துக்கு ஆழம் போகிறதே, மாட்டன் என்றேன், இப்போதுதான் சொன்னேனா, அல்லது அது நேற்றுச் சமையலறையில் சொன்னதா, கொஞ்ச நாளாக நான் சொல்வதெல்லாம் ஒரே சொல்லாகத்தான் இருக்கிறது, மாட்டன்.

நேற்று இவர் அலுமாரிச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், சனிக்கிழமை லொறி வருகிறது, எங்கள் மகன் கஜன் அனுப்புகிறான், ஒஸ்லோவில் அவன் வீடு வாங்கிவிட்டான், அதன் கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஓர் அறை, ஜன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் தெரியும், மேலே அவனுடைய பிள்ளைகள், காலையில் நான் அவர்களைப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும், பின்னேரம் கூட்டிவர வேண்டும், இரவுக்குப் புட்டு அவிக்க வேண்டும், எல்லாம் அன்பாகத்தான் சொன்னான், அம்மா, அந்த வடக்கு மீன்பிடி ஊரில இனி ஆர் இருக்கினம், கடைசித் தமிழ்க் குடும்பம் நீங்கள்தான், பனியில விழுந்து கிடந்தாலும் தூக்க ஆளில்லை என்றான், இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓம் தம்பி, ஓம் தம்பி என்று தலையாட்டினார், பிள்ளை ஆசையாக் கேக்கிறான் என்று என்னிடம் திரும்பினார், நான் பெட்டியைத் திறந்து பெரிய சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தேன், அவர் அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார், நான் திரும்ப எடுத்தேன், அப்ப நீர் தனிய இருக்கப் போறீரோ என்று கேட்டார், இருப்பன் என்றேன், வாயால் சொல்லிவிட்டேன், ஆனால் படுத்த பிறகு யோசித்தேன், இவர் இல்லாத வீட்டில் நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன், அதை மட்டும் இவருக்குக் காட்டுவேனா, காட்டமாட்டேன்.

இழுக்காதே, கொஞ்சம் ஓட விடு, பிறகு சுற்று என்று பின்னால் எஞ்சினடியில் இருந்து ஆர்னெ சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர், படகு அவருடையது, போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு மீன்பிடி என்று இன்றைக்கு அவர்தான் கூட்டிவந்தார், மீன் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டியவர், தமிழ்ப் பெடியன்களோடு வேலை செய்து அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் மச்சான், இவரையும் மச்சான் என்பார், என்னையும் மச்சான் என்பார், தபால்காரனையும் மச்சான் என்பார், அந்த மேசையில்தான் என் வயது போனது, ரப்பர் சப்பாத்தும் நீல ஏப்ரனும், விரல் மரத்துப்போகும் ஐஸ் தண்ணீரும், யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மா போன் எடுத்து, பிள்ளை, மீன் வெட்டுற வேலையெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, எங்கட குடும்பத்துக்கு வெக்கம், கந்தோரில எழுத்து வேலையெண்டு சொல்லு என்றாள், நான் அடுத்த கல்யாண வீட்டிலேயே கேட்டவர்களிடமெல்லாம் மீன்தான் வெட்டுறன், மணந்து பாருங்கோ என்று கையை நீட்டினேன், காஞ்சிபுரச் சேலைகள் ஓரடி பின்னால் போயின, எனக்குச் சிரிப்பாக இருந்தது, அந்தக் கை உழைத்துத்தான் இந்த ஊரில் வீடு, அந்தக் கையால்தான் கார் ஓட்டப் பழகினேன், கடையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஒஸ்லோவில் நான் கஜனின் அம்மா, அவ்வளவுதான்.

தடி முதுகை முறிக்கிறது, நூல் விரலை வெட்டுகிறது, சுற்றுகிறேன், அது ஓடுகிறது, திரும்பச் சுற்றுகிறேன், வா, வந்திடு, இதே சொல்லை எங்கே சொன்னேன், பனிப்புயலில் வீதி மூடிக் கிடந்த நாளில், பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் ஆர்னெ தன் காரை ஓட்டுகிறார், பின் இருக்கையில் நான் பல்லைக் கடிக்கிறேன், இவர் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்கிறார், வயிற்றுக்குள் கஜன் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான், வா, வந்திடு, அவனா இது, இந்த நூலின் அடியில் இருப்பது யார், அன்றைக்கும் நான்தான் விடவில்லை, இவருக்கு இன்றைக்கும் கண் மூடித்தான் இருக்கிறது, இஞ்சருங்கோ, முருகனை விட்டுப்போட்டு என்ர இடுப்பைப் பிடியுங்கோ என்று கத்தினேன், ஓடிவந்து பிடித்தார்.

தண்ணீருக்கடியில் ஒரு கதவு எழுந்து வந்தது, பழுப்புக் கதவு, கழன்று மிதந்து வருவது போல, அதில் ஒரே பக்கத்தில் இரண்டு கண்கள், ஆர்னெ எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், பிறகு மெதுவாக, மச்சான், ஹாலிபட் என்றார், நாங்கள் வந்தது கொட் மீனுக்கு, கறிக்கு இரண்டு கிடைத்தால் போதும் என்று, இது மணலில் தட்டையாகப் படுத்துக்கிடக்கும் அரக்கி, படகோரம் வந்து வாலால் ஓர் அடி அடித்தது, மூன்று பேரும் நனைந்தோம், ஆர்னெ அளவுத் தடியை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், இரண்டு மீட்டருக்கு மேல், சட்டப்படி திருப்பி விட வேண்டும், இவருக்கு அழுகையே வந்துவிட்டது, கடலுக்குள்ள பொலிசு நிக்குதோ, ஒரு தலையை எண்டாலும் வெட்டி எடுப்பம், சொதி வைக்கலாம் என்றார், நான் அதைப் பெயர்த்துச் சொல்ல, ஆர்னெ சிரித்தார், இவ்வளவு பெரிதென்றால் பெண் மீன்தான், முட்டையிடுகிறவள், அவளுடைய இடத்தில் இருக்கட்டும் என்றார்.

நானே குனிந்து அவள் வாயில் மாட்டியிருந்த தூண்டில் கொழுவியைக் குறடால் கழற்றினேன், அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள், அல்லது வானத்தைப் பார்த்தாளோ, வெள்ளை வயிறு ஒருமுறை புரண்டது, பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும், படம்கூட இல்லை, இவர் எடுத்த படத்தில் அவருடைய பெருவிரல்தான் இருந்தது, பாத்தீங்களே, உங்கட கல்லு நீந்திப் போகுது என்றேன், இவர் என் கையை எடுத்து மடியில் வைத்து, நூல் வெட்டிய இடத்தில் தன் கைலேஞ்சியைச் சுற்றிக் கட்டினார், கட்டி முடித்தும் கையை விடவில்லை, நான் இழுத்துக்கொள்ளவும் இல்லை, அப்போது அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது, கஜன்தான், காற்றையும் மீறி அவன் குரல் எனக்குக் கேட்டது, அப்பா, சாமான் எல்லாம் கட்டியாச்சே, நான் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தேன், ஓம் தம்பி என்பார், எனக்குத் தெரியும், சொல்லட்டும், நான் விட்டுக்கொடுக்கமாட்டேன், இவர் தொண்டையைச் செருமினார், லொறியை மறிச்சுப்போடு தம்பி, கொம்மாவின்ர தூண்டில் இன்னும் காயேல்லை.