வெள்ளை மயில் இருந்ததா, இல்லையா?

ஊரைச் சுற்றிக்காட்டும் பஸ்ஸுக்கு எங்கள் மகள்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். "அப்பாவுக்குக் கொஞ்சமாவது தெரியுறப்பவே நாலு இடத்தப் பாத்துடட்டும்மா" என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அப்பா கண் அவ்வளவுதான் என்று இவளே முடிவு கட்டிவிட்டாளா?

என் வீட்டுக்காரர் ஓர் ஆஸ்பத்திரி கேண்டீனில் சமையல் மாஸ்டர். வலது கண் எப்போதோ போய்விட்டது. இடது கண்ணிலும் ஆள் வருவதும் போவதும் நிழலாகத்தான் தெரிகிறது. வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன் செய்தால் இடது கண்ணைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் அதுவும் கைவிட்டுப் போகும் என்று டாக்டர் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார். இவரோ பிடிகொடுக்கவே இல்லை. "இருக்குறதும் போயிட்டா?" என்பார். இன்னும் அழுத்திக் கேட்டால், "சமையலுக்கு மூக்கும் கையும் போதும். மத்ததுக்கு நீ இருக்க" என்பார். போன மாதம் சூடான எண்ணெய்ச் சட்டியில் மணிக்கட்டை வைத்துச் சுட்டுக்கொண்டாரே, அதை எந்த மூக்கு தடுத்தது என்று கேட்டேன்.

நான் துணி தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் சட்டைகளில் பிசிறும் கோணலும் எங்கே என்று தேடித் தேடி, எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் என் கண்ணில் படும். அன்று காலை பஸ் கிளம்பியதிலிருந்து அவருக்கு நான் சொல்லிக்கொண்டு வந்ததும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. "பெரிய கட்டடம். முழுக்கக் கண்ணாடி. மேல ஒண்ணு உடைஞ்சிருக்கு." "பாலம். பெயிண்ட் உரிஞ்சு கெடக்கு." எல்லாவற்றுக்கும் சமர்த்தாகத் தலையாட்டினார்.

ஊரைத் தாண்டியதும் நான்தான் சும்மா இருக்காமல் ஆரம்பித்தேன். "வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிட்டீங்களா?"

"நான் வரலன்னு எத்தன தடவ சொல்றது?"

"நாளைக்கு நான் போய்ச் சேந்துட்டா யாரு உங்களுக்குச் சொல்லுவா?"

பஸ்காரர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த மஞ்சள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்துவிட்டார். பெட்ரோல் பங்கில் பஸ் நின்றதும் நான் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி பாத்ரூமுக்குப் போனேன். மூக்குக்கு மேல் கோபம். திரும்பி வந்து, ஏறி, மூன்றாவது வரிசையில் தொப்பிக்குள் கிடந்தவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன். அவர் பக்கம் திரும்பவே இல்லை. கைடு தலைகளை எண்ணிவிட்டு, "சரியா இருக்கு, போலாம்" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் மனசு கேட்கவில்லை. எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தேன். "செங்கல் சூளை. புகை வருது. ஒரு சுவரு சாஞ்சிருக்கு." குரலை உயர்த்தினேன். "இதெல்லாம் நீங்களே பாக்க வேணாமா? ஒரு ஊசிக்கு இப்படிப் பயப்படுறீங்களே, கல்யாணத்தன்னிக்கு இதுல பாதி பயந்திருந்தா நானாவது தப்பிச்சிருப்பேன்."

பக்கத்தில் இருமல் வந்தது. அது என் வீட்டுக்காரர் இருமல் இல்லை. திரும்பினேன். தொப்பிக்குக் கீழே இவ்வளவு பெரிய மீசை. என் வீட்டுக்காரருக்கு மீசையே கிடையாது.

"யாருங்க நீங்க?" என்று கத்தினேன்.

"அதத்தாம்மா நானும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார் மீசைக்காரர்.

"அப்போ முன்னாடியே வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"அரைத்தூக்கம்மா. எங்க வீட்லயும் இப்படித்தான் பேசிட்டே வருவாங்க. நடுவுல பேசுனா திட்டு விழும்."

கைடு ஓடி வந்தார். சொன்னேன். அவர் மறுபடியும் தலைகளை எண்ணினார். "எண்ணிக்கை சரியா இருக்கும்மா. நீங்க சரியான பஸ்லதான் இருக்கீங்க."

"அப்போ என் வீட்டுக்காரர் எங்க?"

அவர் மீசைக்காரரைக் காட்டினார். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. எல்லார் தலையிலும் மஞ்சள் தொப்பி. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அவசரமாக அவருக்குப் போன் போட்டேன். என் கைப்பைக்குள்ளேயே மணி அடித்தது. அவருடைய போனும் என்னிடம்தானே இருக்கும்!

விஷயம் இதுதான். ஒரே கம்பெனி, ஒரே நிறம், இரண்டு பஸ். பங்கில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கின்றன. நான் இதில் ஏற, மீசைக்காரர் மனைவி அதில் ஏற, இரண்டு கைடுகளுக்கும் எண்ணிக்கை பொருந்திவிட்டது. இந்த பஸ் அணைக்கட்டுக்குப் போகிறது. அது நேர் எதிர்ப்பக்கம், அரண்மனைத் தோட்டத்துக்கு. பிறகு இது அங்கே, அது இங்கே. சாயங்காலம் இரண்டும் கடற்கரையில் சேரும். "மொத்தத்துல கணக்கு சரிதாம்மா" என்று கைடு ஆறுதல் சொன்னார். அந்தத் தொப்பியாலேயே அவரை அடிக்கலாம் போலிருந்தது.

கைடு போனிலிருந்து அந்த பஸ்ஸுக்குப் பேசினேன். "ஏங்க, பயப்படாதீங்க."

"நான் எங்க பயந்தேன்? நீ எந்த பஸ்ல இருக்க?"

"தெரியல. நீங்க எந்த பஸ்ல இருக்கீங்க?"

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றார். "இங்க ஒரு அம்மா நல்லா பாத்துக்கறாங்க. படி இறங்குறப்ப கையப் புடிச்சுக்கறேன்னு சொல்லிருக்காங்க."

போனைக் கைடிடம் கொடுத்துவிட்டுக் கவலையோடு உட்கார்ந்தேன். தடுக்கி விழுந்துவிடுவாரோ என்பது பாதி. எவளோ ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாளே என்பது மீதி. "கவலப்படாதீங்க, எங்க வீட்ல ரொம்ப நல்லா பேசுவாங்க" என்றார் மீசைக்காரர். அதுதான் என் கவலையே.

அணையைப் பார்த்தேன். தோட்டத்தைப் பார்த்தேன். மதகில் துரு, புல்தரையில் மொட்டை மொட்டையாக இடைவெளி. எல்லாம் வாய்வரை வந்து நின்றது. சொல்ல ஆளில்லை. அவருக்குச் சொல்வதற்காகத்தான் நான் பார்க்கிறேன் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. அவர் இல்லாமல் எனக்குப் பார்க்கவே தெரியவில்லை.

கடற்கரையில் அந்த பஸ் முன்னாலேயே வந்து நின்றிருந்தது. சிரித்த முகமாக ஒரு அம்மா அவரைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். திட்டுவதற்கு வைத்திருந்த அத்தனையும் மறந்துபோனது. அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"தோட்டத்துல வெள்ளை மயிலப் பாத்தியா?"

"மயிலா? அங்க ஒரு காக்கா கூட இல்லையே."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க!" என்றாள் அந்த அம்மா. "சுவரு மேல நின்னு தோகைய விரிச்சுது. பால் மாதிரி வெள்ளை. நான் இவருக்கு ஒவ்வொரு இறகா சொன்னேனே."

அவர் முகம் அவள் பக்கம் திரும்பியது. பிறகு என் பக்கம். நான் கைடைப் பிடித்துக் கேட்டேன். "சில நாள் வெளிய வரும்மா. சில நாள் வராது" என்றார்.

"வெள்ளையா?"

"நான் அவ்வளவா கவனிச்சதில்லம்மா."

நான் போனது மதியத்துக்கு மேல். மயில் இருந்துவிட்டுப் போயிருக்கலாம். அல்லது இந்த அம்மா பார்வையில்லாதவர் சந்தோஷப்படட்டும் என்று அள்ளி விட்டிருக்கலாம். அதுவும் இல்லையென்றால், மயில் என் எதிரிலேயே நின்றும் நான் சுவரில் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"சரி விடு. கடல் எப்படி இருக்கு?" என்றார்.

"நல்ல நீலம்" என்றாள் அவள்.

"சாம்பல் நிறம்" என்றேன் நான்.

ஒரே நேரத்தில் சொன்னோம். இருவரும் அதே கரையில், அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றிருந்தோம். நான் மறுபடியும் பார்த்தேன். சாம்பல்தான். அவளும் பார்த்துவிட்டு, "நீலம்தாங்க" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். மீசைக்காரர் வந்து தன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் இருவரும் மணலில் நின்றோம். அவர் கடல் சத்தம் வந்த பக்கம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். கழுத்தை நீட்டினார். ஓரடி முன்னால் வைத்தார். இத்தனை நாளில் அவர் எதையும் பார்க்க இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

"அந்தம்மாவும் பொய் சொல்றவங்களாத் தெரியல" என்றார்.

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"நீ எந்தக் காலத்துல சொன்ன? அதான் எனக்கு ஒண்ணும் புரியல." மறுபடியும் கடல் பக்கம் திரும்பினார். "வியாழக்கிழமை எத்தன மணிக்கு வரச் சொல்லிருக்காரு டாக்டரு?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். "காலைல. வெறும் வயித்தோட."

"அழறியா?"

"இல்லையே."

"சரி" என்று என் தோளில் கையை வைத்தார். "இனிமே அதையும் நானே பாத்துக்கறேன்."