சாணிக் காற்று

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று அருளாயி தோம்பை முழங்கையால் ஒரு இடி இடித்துப் பார்த்தாள். அது அசையவில்லை. எண்ணெய் வந்த பெரிய பீப்பாய்த் தோம்பில் சாணியைக் கரைத்து ஊற்றி, அதற்குள் சின்னத் தோம்பு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சாணி புளித்தால் காற்று கிளம்பும். கவிழ்ந்த தோம்பு மெல்ல மேலே எழும்பும். அந்தக் காற்றைக் குழாய் வழியே அடுப்புக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்தால் புகை என்ற பேச்சே கிடையாது. சுங்கைப் பட்டாணி விவசாயக் கண்காட்சியில் இதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் புருஷன் அந்தோணிதாஸ் சாணியைத் தவிர வேறெதையும் பேசியதில்லை.

"தோம்பு ஸ்டோர்ல கழிச்சுப் போட்டது. சாணி நம்ம மாடு போடுறது. குழாய்க்கு மட்டுந்தான் டுவிட்டு செலவாகும். மொதல்ல நம்ம வீடு, அப்புறம் செல்லாயி வீடு, அப்பிடியே லயத்து வரிசை வீடு முழுக்கப் போயிரலாம் லா. அதுக்கப்புறம் வெறகு எதுக்கு?" என்பார் சாப்பாட்டுக்கு நடுவே. சாப்பிடும்போது கேட்கிற பேச்சா அது!

எல்லாம் பேட்ரிசியாவுக்காக. ஒரே மகள், பினாங்கில் ஃபேக்டரி வேலை. பிறந்ததிலிருந்தே மூச்சிழுப்பு. ரப்பர் விறகுப் புகை ஒரு வாய் உள்ளே போனால் போதும், நெஞ்சு விசிலடிக்கும். மண்ணெண்ணெய் வாடையும் ஆகாது. சிலிண்டர் அடுப்பெல்லாம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டோடு சரி. போன ஈஸ்டருக்கு வந்தவளை ராத்திரியோடு ராத்திரியாகக் கூலிம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு அவள் வரவில்லை, கடிதம்தான் வந்தது. கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தன் கையால் சமைத்த சோற்றை மகள் உண்ண, எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அருளாயிக்கு வேறு ஆசையே இல்லை.

ஒரு தடவை எரியவும் எரிந்தது. நீலமாக, சத்தமில்லாமல். அதில் கோப்பி போட்டுப் பக்கத்து வீட்டுச் செல்லாயிக்கு ஒரு குவளை கொடுத்தாள். செல்லாயி குடிப்பதற்கு முன்னால் நாலு தரம் முகர்ந்து பார்த்ததை லயமே சொல்லிச் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அருளாயி அன்றைக்கே புருஷனை மகளுக்கு எழுதச் சொன்னாள். அன்னம்மாள் திருவிழாவுக்கு வா, வீட்டில் புகை இல்லை.

வருகிறேன் என்று பதில் வந்த வாரத்திலேயே தோம்பு இறங்க ஆரம்பித்தது. எங்கோ ஒழுகுகிறது என்று அந்தோணிதாஸ் இணைப்புகளிலெல்லாம் ரப்பர் பாலைத் தடவித் தடவி அடைத்தார். அப்படியும் எழும்பவில்லை. பேட்ரிசியா வந்த சனிக்கிழமை மதியம் கோழியை நறுக்கி, சட்டியை ஏற்றி, தீக்குச்சியைக் கிழித்தார்கள். ஒரு நீல நாக்கு எட்டிப் பார்த்தது. பக்கென்று அணைந்தது.

அந்தோணிதாஸ் தோம்பு ஓரமாகக் குனிந்து முகர்ந்தார். முகம் மாறிவிட்டது.

"அருளு, கொட்டாயில என்னாத்த ஊத்துன?"

"தோட்டத்துல மருந்து குடுக்கிற டிரெஸ்ஸர்கிட்ட கால்வாய் கழுவுற மருந்து வாங்கி, தெனம் கழுவி விட்டேன். புள்ள வருது, மூத்திர நாத்தம் வேணாம்னுதான்…"

"கழுவுன தண்ணியிலதான சாணியக் கரைச்ச?"

"எப்பவும் அதுலதான கரைப்பேன்."

"உள்ள இருக்கிறது உசுருள்ள சாமான் லா. மருந்து பட்டா செத்துரும்னு கண்காட்சியில படிச்சுப் படிச்சு சொன்னான்." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அருளாயிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "எல்லாத்தையும் கொட்டிட்டு மொதல்லருந்து போடணும்" என்று மட்டும் சொன்னார்.

"வெறகுலயே வைம்மா. நான் வெளிய பலா மரத்தடியில இருக்கேன். ஒண்ணும் ஆவாது" என்றாள் மகள். பசியோடு வந்த பிள்ளை. அருளாயி அடுப்பை மூட்டினாள். காய்ந்த விறகாகப் பார்த்துத்தான் வைத்தாள். ஆனால் காற்றுக்கு யார் உத்தரவு போடுவது? கறி கொதிக்கும்போதே வெளியே இருமல் கேட்டது. சோற்றைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினால், பேட்ரிசியா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. அம்மாவைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தோணிதாஸ் மோட்டார் சைக்கிளை எடுத்தார். லூனாஸ் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு அப்படியே பினாங்கு பஸ் ஏறிவிடுவதாகப் பேச்சு. பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

சாயங்காலம் லயத்தில் வீட்டுக்கு வீடு கூரைமேல் புகை கிளம்பியது, இந்த ஒரு வீட்டைத் தவிர. லயத்தில் அடுப்பு பற்றாத வீடு என்றால் இழவு வீடு. செல்லாயி பதறியடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னாக்கா? யாருக்கு என்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. உள்ள வா."

அடுப்பில் தண்ணீர் ஊற்றிச் சாம்பலை வழித்திருந்தது. சன்னல், பின்கதவு எல்லாம் திறந்து கிடந்தன. அருளாயி தரையில் உட்கார்ந்து முறத்தால் வாசல் பக்கமாக விசிறிக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை.

"இப்ப பாரு செல்லாயி. பொகை கொஞ்சங்கூட இல்லதான? நல்லா மூச்சு விடலாம்தான?"

அவளுக்கு எதிரே, மூடி வைத்த தட்டில் கோழிக் குழம்பும் சோறும் இருந்தன.